ஏரிக்கான மனுவில் ‘ஈரநிலம்’ என்று எழுதினால் திரும்பி வரும்

போன கார்த்திகையில் ஒருவர் மஞ்சள் பையைக் கவிழ்த்தார். பதினோரு ஒப்புகைச் சீட்டு. அவர் ஊர் ஏரியின் உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் பரவும் பகுதியில், லாரி லாரியாக மண் அடிக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நிற்கிற அந்த விளிம்பில்தான் பவளக்கால் உள்ளான் என்ற நீர்ப்பறவை மேயும். ஆக்கிரமிப்புக்கும் அந்த விளிம்புதான் முதல் பலி. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரே பதில்: “இது எங்க லிமிட்ல வராது சார்.”

கோளாறு மனுவிலேயே இருந்தது. ஈரநில விதிகள், 2017 என்று எழுதியிருந்தார். அந்த விதிகள் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் உள்ளவற்றுக்கும் அரசு தனியாக அறிவித்தவற்றுக்கும்தான். நெல்வயலும் உப்பளமும் பாசனத்துக்கு வெட்டிய நீர்நிலையும் வரையறைக்கே வெளியே. நம் ஊரில் பாசனத்துக்கு வெட்டாத ஏரி எது? வடுவூர், கரைவெட்டி மாதிரி ராம்சர் பட்டியலில் ஏறிய ஏரிகளுக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு உண்டு.

ஆகவே முதலில் ஏரி யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத் துறை. குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். துறை ஏரி என்றால் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டத்தைக் குறிப்பிடுங்கள். ஒன்றிய ஏரிக்கு அது செல்லாது. 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தைச் சொல்லித் தாசில்தாரிடம் கொடுங்கள். இதை மாற்றி எழுதினால் ஆறு மாதம் போச்சு.

அடுத்த பொறி, நில அளவை. 2007 சட்டப்படி ஏரியை அளந்து எல்லை குறித்த பிறகுதான் நோட்டீஸ். அளக்காத ஏரியில், காகிதத்தைப் பொறுத்தவரை, ஆக்கிரமிப்பே கிடையாது! “சர்வேயர் இல்லை” என்பதில்தான் வருடங்கள் ஓடும். அதனால் ‘அகற்றுங்கள்’ என்பதற்கு முன் ‘அளந்து எல்லைக்கல் நடுங்கள்’ என்று கேளுங்கள். கூடவே 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமை மனு: அளந்த தேதி என்ன, வரைபட நகல் எங்கே? பதிலுக்கு 30 நாள் கெடு.

போகும் முன் ‘அ’ பதிவேட்டையும் (கிராமத்து நிலங்களின் வகை, உரிமை எழுதிய வருவாய்ப் பதிவேடு) புலப்படத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எடுத்து உட்பிரிவு எண்ணைச் சரிபாருங்கள். உள்வாயில் ஒரு துண்டு ‘தரிசு’ என்று பதிவாகியிருந்தால், அது ஏரியே இல்லை என்பார்கள். ஆட்டமே அங்கேதான். அந்தப் பதிவை மனுவிலேயே சொல்லிவிடுங்கள்.

கொக்கு, மடையான், உள்ளானுக்கு வலை கட்டுவது வேறு கதை. அதைத் தடுப்பது வனச்சரகரின் வேலை. சொந்தப் பட்டா வயல் என்றாலும் குற்றம்தான். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். இந்தப் புகாரை ஏரி மனுவோடு கோக்காதீர்கள். இரண்டும் ஒரே ஃபைலில் தூங்கும்.

“வாட்ஸ்ஆப்பில் போட்டோ அனுப்புங்க, பார்த்துக்கிறோம்” என்பார்கள். அனுப்புங்கள். ஆனால் நகலில் சீல், தேதி, எண் வாங்காமல் படி இறங்காதீர்கள்.