லீன் யூஎக்ஸ்: மெலிவா, சிக்கனமா, மிகைதவிர்ப்பா?

செயலி, இணையதளம் போன்றவற்றை வடிவமைக்கும்போது, பயனருக்குத் தேவையா என்று அடிக்கடி சோதித்து, வேண்டாத வேலையை விலக்கிக்கொண்டே போகும் முறை லீன் யூஎக்ஸ்; 'யூஎக்ஸ்' என்பது 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்', அதாவது பயனர் அனுபவம், என்பதன் சுருக்கம். வடிவமைப்புப் பணியை ஒப்படைக்க வரும் ஒரு நிறுவனத்தாரிடம் "இதை லீன் யூஎக்ஸ் முறையில் செய்யலாம்" என்று சொன்னால், "அப்படியானால் செலவு குறையுமா?" என்ற கேள்வியே பெரும்பாலும் முதலில் வருகிறது. கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. 'லீன்' என்ற சொல் தன் சொந்த மொழியிலேயே அப்படியொரு மயக்கத்தைத் தாங்கி நிற்கிறது. தமிழில் அதற்கு நாம் வைக்கும் பெயர் அந்த மயக்கத்தைத் தெளிவிக்கலாம், இன்னும் கூட்டியும் விடலாம்.

ஆங்கிலத்தில் 'லீன்' என ஒரே ஒலியில் இரண்டு சொற்கள் உள்ளன. சாய்தல் என்னும் வினை ஒன்று; கொழுப்பற்ற, சதைப்பற்று மிகாத என்னும் பெயரடை மற்றொன்று. பழைய ஆங்கிலத்தில் இவை வெவ்வேறு வடிவில் இருந்து, காலப்போக்கில் ஒலியிலும் எழுத்திலும் ஒன்றாகிவிட்டன. இயந்திர மொழிபெயர்ப்பில் அவ்வப்போது தலைகாட்டும் 'சாய்ந்த பயனர் அனுபவம்' என்ற விந்தையான தொடர் இந்தக் கலப்பால் விளைந்ததே. நமக்கு வேண்டியது இரண்டாவது சொல். கொழுப்பு நீக்கிய இறைச்சியைக் குறிக்க ஆங்கிலத்தார் இதையே ஆள்கிறார்கள். அங்கே இறைச்சி குறைவதில்லை, வேண்டாதது மட்டுமே விலகுகிறது.

இச்சொல் தொழிற்சாலைக்குள் நுழைந்த கதை சுவையானது. ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் தாய்ச்சி ஓனோ முதலியோர் வளர்த்தெடுத்த உற்பத்தி முறை, தேவைக்கு மேல் செய்தல், காத்திருத்தல், இருப்புக் குவித்தல், பழுது என 7 வகை வீண்களை அடையாளம் கண்டு நீக்குவதை மையமாகக் கொண்டது. அம்முறைக்கு 'லீன்' என்ற பெயரை 1988ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றில் ஆய்வாளர் ஜான் கிராஃப்சிக் வழங்கினார். இருப்பு எதையும் குவித்து வைக்காத அந்த முறையைச் சுட்ட, 'எளிதில் உடையக்கூடிய' எனப் பொருள்படும் சொல்லையே அவர் முன்னர் ஆண்டிருந்தார். அது குறைபாடு போல் ஒலித்ததால் 'லீன்' வந்தது. பெயர் பிறந்தபோதே, கேட்பவர் அதை வலுவின்மை என்று கொள்வாரோ என்ற கவலையும் உடன் இருந்தது என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பின்னர் அது மென்பொருள் உலகுக்கு வந்தது. 2011இல் எரிக் ரீஸ் எழுதிய நூல் புத்தொழில் முனைவோரிடையே அதைப் பரப்பியது. 2013இல் ஜெஃப் கோத்தெல்ஃப், ஜோஷ் சைடன் இருவரும் எழுதிய நூல் அதைப் பயனர் அனுபவ வடிவமைப்புக்கு உரிய முறையாக நிலைநிறுத்தியது. தொழிற்சாலையில் தேவைக்கு மேல் உற்பத்தியான உதிரிப்பாகம் எப்படி வீணோ, அப்படியே இங்கு, பயனருக்குத் தேவையா என்று சோதிக்கப்படாத ஓர் அம்சத்துக்காக வரையப்பட்ட நூறு திரைகளும், எவரும் படிக்காத தடித்த விவரக்குறிப்பு ஆவணமும் வீண்.

தொடரின் மறுபாதியான 'எக்ஸ்பீரியன்ஸ்', 'முயன்று பார்த்தல்' என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து வந்தது. 'சோதனை'யைக் குறிக்கும் 'எக்ஸ்பெரிமென்ட்' அதன் உடன்பிறப்பு. தமிழில் இதற்குப் 'பட்டறிவு' என்று சொல்வோர் உண்டு. அழகான சொல்தான், ஆனால் பட்டறிவு என்பது பலகாலம் பட்டுத் தெளிந்து ஒருவரிடம் சேர்ந்திருக்கும் அறிவு. ஒரு செயலியை முதல் முறை திறப்பவர் அந்தக் கணத்தில் உணர்வதை அது சுட்டாது. 'நுகர்வு' என்பது இன்று சந்தைக்குரிய சொல்லாகிவிட்டது. வடமொழி வழி வந்ததாயினும் 'அனுபவம்' நிற்கட்டும். கணித்தமிழில் 'பயனர்' நன்கு வேரூன்றிவிட்டதால் அங்கே சிக்கல் இல்லை. ஆனால் 'பயனாளி' என்று எழுதினால் அது உதவித்திட்டத்தின் பயனைப் பெறுபவரைக் குறித்துவிடும்.

இனி 'லீன்'. 'மெலிந்த' என்பது அகராதிக்குச் சரி, பொருளுக்குச் சரியன்று. குறளில் வலியாருக்கு எதிர்நிலையில் நிற்பவர் மெலியார். தமிழ்க் காதுக்கு மெலிவு என்றால் வலுவின்மை. கிராஃப்சிக் தவிர்க்க விரும்பிய அதே பொருளை நாம் தேடிப்போய் எடுத்துக்கொண்டதாகும். 'சிக்கனமான' என்பது இன்னும் ஆபத்தானது, ஏனெனில் அது பேச்சைப் பணத்தின் பக்கம் திருப்பிவிடுகிறது. சிக்கனம் என்றதும் ஆய்வுக்குரிய நேரத்தைத்தான் வாடிக்கையாளர் முதலில் வெட்டுவார்; இந்த முறையில் வெட்டவே கூடாதது அதுதான். 'கச்சிதமான' என்பது நெருங்கி வருகிறது, ஆனால் அது முடிந்த பொருளின் வடிவைச் சொல்கிறதே அன்றிச் செய்யும் முறையைச் சொல்லவில்லை.

இங்கே நன்னூல் கைகொடுக்கிறது. நூலுக்குரிய பத்துக் குற்றங்களை அடுக்கும்போது அது முதலில் வைப்பது குன்றக் கூறல், அடுத்து வைப்பது மிகைபடக் கூறல். 'லீன்' என்பது இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடம்: மிகையை நீக்க வேண்டும், குன்றவும் விடக்கூடாது. எனவே 'மிகைதவிர் பயனர் அனுபவ வடிவமைப்பு' என்பதே பொருத்தமானதாக எனக்குப் படுகிறது. 'மிகையற்ற' என்றால் வேலை முடிந்துவிட்டது போல் தோன்றும். 'தவிர் வடிவமைப்பு' என்பதோ வினைத்தொகை. தவிர்த்த, தவிர்க்கின்ற, தவிர்க்கும் என முக்காலமும் அதில் மறைந்து நிற்கின்றன. ஒவ்வொரு வாரமும் புதிதாக எதையாவது வேண்டாம் என்று கண்டறியும் ஒரு முறைக்கு இதைவிட ஏற்ற இலக்கணம் கிடைப்பது அரிது.

வாடிக்கையாளருடன் பணியாற்றும்போது இதனுடன் சில துணைச்சொற்களையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முதலாவது, கருதுகோள். "பதிவுப் படிவம் நீளமாக இருப்பதால்தான் பலர் பாதியில் விலகுகிறார்கள்" என்று வாடிக்கையாளர் சொல்வது அனுமானம். "கேட்கும் விவரங்களை ஒரே பக்கத்தில் அடக்கினால், புதிய பயனர்களில் படிவத்தை முடிப்போரின் விகிதம் உயரும் என நம்புகிறோம்" என்று, பொய்யாகக் கூடிய வடிவில் அதையே எழுதினால் அது கருதுகோள். இந்த வேறுபாட்டை முதல் கூட்டத்திலேயே வாடிக்கையாளரைத் தம் கையால் எழுத வைத்து உணர்த்துவது நல்லது. ஏனென்றால் தாமே எழுதிய கருதுகோள் பொய்க்கும்போது அதை வடிவமைப்பாளரின் தோல்வியாக எவரும் கருதுவதில்லை. சோதனைக்கும் பெரிய ஏற்பாடு தேவையில்லை: வாரம் ஒரு நாள், நண்பகல் 12 மணிக்குள் 3 பயனர்களுக்குக் காகித வரைவைக் காட்டிப் பார்ப்பது இம்முறையினர் பரிந்துரைக்கும் அளவு.

இரண்டாவது, எம்விபி, அதாவது 'மினிமம் வயபிள் ப்ராடக்ட்': கருதுகோளைச் சோதிக்கப் போதுமான அளவுக்கு மட்டும் செய்யப்படும் முதல் வடிவம். 'குறைந்தபட்சச் சாத்தியப் பொருள்' என்று மொழிபெயர்க்கிறார்கள். நடுவில் நிற்கும் 'வயபிள்' என்ற சொல்லின் வேரில் இருப்பது உயிர். உயிர் தரிக்கக்கூடிய, அதாவது பிழைக்கக்கூடிய என்பதே பொருள். தமிழில் பிழைத்தல் என்றால் உயிர்வாழ்தலும் ஆகும், தவறுதலும் ஆகும். தவறுவதற்கென்றே முன்கூட்டி வெளிவிடப்படும் ஒரு பொருளுக்கு இந்த இரட்டைப் பொருள் தற்செயலாக வாய்த்த பேறு.

மூன்றாவது, விளைவு, அதாவது வடிவமைப்பால் பயனரிடம் ஏற்படும் மாற்றம். இங்கேதான் ஒப்பந்தம் இடிக்கிறது. இத்தனை திரைகள், இத்தனை ஆவணங்கள் என்று ஒப்படைப்புப் பொருள்களை எண்ணிப் பணம் தரும் ஒப்பந்தத்தில், தேவையற்ற திரையை நீக்கும் வடிவமைப்பாளர் தம் ஊதியத்தைத் தாமே குறைத்துக்கொள்கிறார். ஆகவே இம்முறையை ஏற்பவர்கள் திரைகளுக்கு விலை வைக்காமல் குழுவின் காலத்துக்கு விலை வைத்து, எந்த விளைவை நோக்கி அக்காலம் செலவாகிறது என்பதை மட்டும் எழுதிக்கொள்வதே முறை. செலவு குறையுமா என்ற தொடக்கக் கேள்விக்கும் விடை இதில் இருக்கிறது: மாதச் செலவு குறையாமலே போகலாம், பயன்படாத ஒன்றைக் கட்டி முடிக்கும் செலவே மிச்சமாகும்.

பேச்சில் 'லீன் யூஎக்ஸ்' என்றே வழங்கட்டும். முன்மொழிவிலும் ஒப்பந்தத்திலும் முதல் முறை முழுத்தொடரை ஒரு வரி விளக்கத்துடன் எழுதிவிட்டு, அதன்பின் 'மிகைதவிர் பயனர் வடிவமைப்பு' எனச் சுருக்கிக்கொள்ளலாம். 'பயனர்' என்பதையும் விட்டுச் சுருக்குவது வேண்டாம். விட்டால், திரையில் அலங்காரத்தைக் குறைப்பது பற்றித்தான் பேசுகிறோம் என்று வாசிப்பவர் எண்ணிக்கொள்வார்.