விரியன் என்றால் எந்த விரியன்?

கீழக்கரையிலிருந்து வந்தாலும் சரி, தொண்டியிலிருந்து வந்தாலும் சரி, பாம்புக்கடி என்று அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் அடிக்கடி சொல்லும் பெயர் ஒன்றுதான். "விரியன் கடிச்சிருச்சு டாக்டர்." எந்த விரியன் என்று கேட்டால் பதில் இருக்காது. தமிழில் இந்த ஒரு பெயருக்குள் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பாம்புகள் சேர்ந்து கிடக்கின்றன.

கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் ஒரே குடும்பம். ஆங்கிலத்தில் வைப்பர் என்கிறோமே, அதன் லத்தீன் மூலத்துக்கு 'உயிரோடு குட்டி ஈனுவது' என்று பொருள் சொல்வார்கள். இந்த இரண்டும் குட்டிதான் போடும். கட்டு விரியன் முட்டையிடும். உடம்பில் ஓடும் வெள்ளைக் கட்டுகளோடு விரியன் என்ற பெயரும் ஒட்டிக்கொண்டதே தவிர, குடும்பத்தில் அது நல்ல பாம்புக்குப் பங்காளி.

இது வெறும் பெயர்க் குழப்பமாக நின்றிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். விரியன் கடித்தால் வீங்கும், ரத்தம் கசியும் என்று எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி விரியன் கடியும், கருவேலங்காட்டில் விறகு அள்ளும்போது படும் சுருட்டைக் கடியும் அப்படித்தான். ரத்தம் உறையாது. அதைப் பார்க்கத்தான் கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறோம்.

கட்டு விரியன் கடியில் இந்த அடையாளம் எதுவும் இருக்காது. ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி தெரியாது, பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி. அப்புறம் இமை தொங்கும், எச்சில் விழுங்க முடியாது, மூச்சுத் திணறும். வீட்டில் இருப்பவர்களோ வாயு என்று நினைத்துச் சோடா கொடுப்பார்கள். பாம்பைப் பார்த்தவர்கள்கூட "வீங்கவே இல்லையே" என்று காத்திருப்பார்கள். அந்த நேரம்தான் உயிரைக் கொண்டுபோகிறது. நரம்பு முனைகளை விஷம் சிதைத்த பிறகு முறிவு மருந்தால் அதைச் சரிசெய்ய முடியாது. வென்டிலேட்டரில் வைத்து நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

நம் மருத்துவமனைகளில் உள்ள முறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கும் சேர்த்துத் தயாராவது: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை. அதனால் பாம்பைத் தேடி அடித்து எடுத்துவர வேண்டியதில்லை. எத்தனை மணிக்கு, எங்கே, படுத்திருந்தபோதா, இமை கனக்கிறதா, ஈறில் ரத்தம் கசிகிறதா என்று சொன்னால் போதும்.

கடலில் கடித்திருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். மண்டபம், பாம்பன் பக்கம் வலையில் ஏறும் கடல் பாம்பைச் சிலர் வெறுங்கையால் எடுத்து வீசுகிறார்கள். கடித்தால் பெரிதாக வலிக்காது. சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் சதைவலியும் விறைப்பும் வந்து, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். நான் சொன்ன முறிவு மருந்து இதற்கு வேலை செய்யாது. சிறுநீரகத்தையும் மூச்சையும் தாங்கிப் பிடிக்கும் வசதி உள்ள இடத்துக்குச் சீக்கிரம் போக வேண்டும்.

எந்தக் கடியானாலும் கயிறு போட்டு இறுக்காதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

தரையில் படுக்கிறவர்கள் கொசுவலை கட்டி, அதன் ஓரங்களைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். கட்டு விரியன் உள்ளே வராது.