துவைச்சல் போடாத எஃகு: உபரித் தோட்டா கவசம் துளைக்குமா?

பழைய சோவியத் கிடங்குகளிலிருந்து அமெரிக்கத் துப்பாக்கிக் கடைகளுக்கு வந்து இறங்கிய 5.45 மி.மீ. தோட்டாக்கள் காற்றுப் புகாமல் மூடிய தகர டப்பாக்களில் வந்தன. டப்பாவுக்கு 1,080 தோட்டா, மரப்பெட்டிக்கு இரண்டு டப்பா. டப்பாவின் மேல் ரஷ்ய எழுத்தில் இரண்டு சுருக்கங்கள் இருக்கும். ஒன்று ‘பெ.எஸ்.’: எஃகு உள்ளகம் வைத்த குண்டு. இன்னொன்று ‘கெ.எஸ்.’: எஃகுக் கூடு. அதில் எங்கேயும் ‘கவசம் துளைக்கும்’ என்று எழுதியிருக்காது. எழுதவேண்டிய வகைக்கு சோவியத் படை வேறு பெயர், வேறு வண்ணம் வைத்திருந்தது. ஆனாலும் 2014 ஏப்ரலில் அமெரிக்க அரசு இந்தத் தோட்டாவைக் கவசம் துளைக்கும் வகை என்று அறிவித்து இறக்குமதியை நிறுத்தியது. இருவரும் சொல்வது ஒரே பொருளைப் பற்றித்தான். யார் சொல்வது சரி?

முதலில் ஒரு சொல் விளக்கம். கூடு, மருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், குண்டு எல்லாம் சேர்ந்தது தோட்டா. குழலிலிருந்து பறந்து போவது குண்டு மட்டும். இந்த வழக்கு முழுவதும் அந்தக் குண்டின் வயிற்றுக்குள் இருப்பதைப் பற்றியது.

7என்6 என்ற குறியீடு கொண்ட இந்த 5.45 குண்டு, 1974-ல் ஏ.கே.-74 துப்பாக்கியோடு சேர்ந்து படைக்கு வந்தது. மொத்த எடை சுமார் 3.4 கிராம். நீளவாக்கில் பாதியாக அறுத்த குண்டைப் பார்த்தால் வெளியே தாமிரக் கலவை பூசிய மெல்லிய எஃகு உறை தெரியும். மூக்கில் சுமார் 5 மி.மீ. நீளத்துக்கு ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. அதற்குக் கீழே சின்ன ஈயத் துண்டு. அதன் பின்னால் பென்சில் கரியைப் போல ஓர் எஃகுத் தண்டு, ஏறக்குறைய 1.4 கிராம். தண்டைச் சுற்றி மெல்லிய ஈயப் போர்வை. இந்தப் போர்வை இல்லாவிட்டால், குழலின் வரிப்பள்ளங்களில் குண்டு இறுகும்போது உள்ளே இருக்கும் எஃகு நசுங்கிக் கொடுக்காது, குழல் சீக்கிரம் தேய்ந்துபோகும். ஈயம் அங்கே மெத்தை.

அந்தத் தண்டின் மேல் ஓர் அரத்தை இழுத்துப் பார்த்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். மென் எஃகு, அதாவது பட்டறைக்காரர்கள் ‘எம்.எஸ்.’ என்று சொல்லும் சாதா எஃகு என்றால், அரம் பிடித்துத் தூள் கொட்டும். கெட்டிப்படுத்திய எஃகு என்றால் கண்ணாடி மேல் இழுத்ததுபோல வழுக்கிக்கொண்டு போகும். கொல்லர் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் துவைச்சல் போடுவதற்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம்தான் இது. வெட்டும் வேலையைச் செய்வது இரும்பு மட்டுமல்ல, அதில் ஏறிய துவைச்சலும்.

அப்படியானால் துவைச்சல் இல்லாத எஃகை எதற்காகக் குண்டுக்குள் வைத்தார்கள்? காசுக்காக. ஈயம் விலை கூடியது, போர்க்காலத்தில் கிடைக்காதது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்கள் இந்த வித்தியாசத்தைப் பெயரிலேயே பிரித்து வைத்திருந்தார்கள். 7.92 மி.மீ. ரைபிளுக்கு ‘எஸ்.எம்.ஈ.’ என்றால் இரும்பு உள்ளகம் வைத்த கூர்முனைக் குண்டு, ஈயத்தை மிச்சம்பிடிக்க வந்த மாற்று. ‘எஸ்.எம்.கே.’ என்றால் கெட்டிப்படுத்திய உள்ளகம் வைத்த, உண்மையாகவே கவசம் துளைக்கும் குண்டு. இதன் முன்னோடிதான் முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் டாங்கிகளுக்கு எதிராக வந்தது. 9 மி.மீ. கைத்துப்பாக்கிக் குண்டுக்கும் இதேபோல் இரும்பு உள்ளகம் வைத்தார்கள். ஈயச் சிக்கனம்தான் அதற்கும் காரணம்.

சோவியத்திலும் அதே கதை. ஏ.கே.-47 பயன்படுத்தும் 7.62×39 (குழலின் விட்டமும் கூட்டின் நீளமும், மி.மீ. கணக்கில்) தோட்டாவின் முதல் வடிவத்தில் ஈய உள்ளகம் இருந்தது. அதை எஃகாக மாற்றியபோது ஒரு சிக்கல் முளைத்தது. ஈயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 11.3 கிராம், எஃகுக்கு 7.85 மட்டுமே. அதே எடை வரவேண்டுமென்றால் குண்டு நீளவேண்டும். குண்டு 22.8 மி.மீ.யிலிருந்து 26.8 மி.மீ. ஆனது. தோட்டாவின் மொத்த நீளம் கூடாமலிருக்க 41 மி.மீ. கூட்டை 39 மி.மீ.க்குக் கீழே குறைத்தார்கள். ஊடுருவல்தான் நோக்கம் என்றால் கனமான ஈயத்தை விட்டு லேசான உலோகத்துக்குப் போய், கெட்டிப்படுத்தாமலும் விட்டிருக்கமாட்டார்கள்.

இப்போது கவசத்தின் பக்கம் வருவோம். நொடிக்கு 700 மீட்டருக்கு மேல் வேகத்தில் குண்டு தகட்டில் மோதும்போது எழும் அழுத்தம் எந்த உலோகத்தையும் நெளியவைக்கப் போதுமானது. எது முதலில் நெளிகிறது என்பதுதான் போட்டி. சுவரில் அடிக்கும் ஆணியை ரம்பத் தகட்டின் மேல் வைத்துச் சுத்தியால் அடித்தால் ஆணியின் மூக்குதான் மழுங்கும். அதே அடியைக் கெட்டி உளியில் கொடுத்தால் தகட்டில் தடம் விழும். எண்ணில் சொன்னால், உலோகத்தின் கெட்டித்தன்மையை அளக்கும் பிரினெல் கணக்கில் ஈயத்தின் கடினம் 5 அளவில்தான். மென் எஃகு பொதுவாக 120 முதல் 180. கவசத்துக்கும் இலக்குத் தகட்டுக்கும் பயன்படும் கெட்டி எஃகு 500 அளவு. மென் எஃகுத் தண்டு அந்தத் தகட்டில் மோதினால் காளான் குடைபோல விரிந்து, தன் சக்தியைப் பரப்பில் சிதறவிட்டு நிற்கும்.

உண்மையான கவசம் துளைக்கும் குண்டுக்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் .30-06 எம்2 ஏ.பி. 10.8 கிராம் குண்டில் கிட்டத்தட்ட பாதி எடை, கூர்மையாகக் கடைந்து கெட்டிப்படுத்திய எஃகு. ராக்வெல் ‘சி’ என்ற இன்னொரு கடின அளவில் 60-ஐத் தாண்டும், பிரினெல் கணக்கில் 600-க்கு மேல். முனையில் கறுப்பு வண்ணம். சோவியத்தின் பி-32 குண்டும் இந்த வகைதான், தீப்பற்றவைக்கும் கலவையும் சேர்த்தது. அதற்குக் கறுப்பு முனையும் சிவப்பு வளையமும். வேகத்தையும் கணக்கில் எடுங்கள். 7.62×39 குண்டு குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் சுமார் 2,000 ஜூல். எம்2 ஏ.பி.க்கு 4,000-க்கு மேல். இரட்டிப்பு ஆற்றல், பல மடங்கு கடினம், இரண்டும் ஒரே ஊசிமுனையில்.

கவசம் செய்பவர்கள் இந்தப் பிரிவினையை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது இன்னும் தெளிவான சாட்சி. அமெரிக்க நீதித் துறையின் ஆராய்ச்சிப் பிரிவான என்.ஐ.ஜே. 2023 நவம்பரில் வெளியிட்ட புதிய தரத்தில் ரைபிள் குண்டுகளுக்கு மூன்று படிகள். முதல் படியிலேயே 7.62×39 மென் எஃகுத் தோட்டா இருக்கிறது, ‘மைல்டு ஸ்டீல் கோர்’ என்ற அடைமொழியோடு, ஈய உள்ளகம் கொண்ட நேட்டோ குண்டுக்குப் பக்கத்தில். எம்2 ஏ.பி. மூன்றாம் படியில் தனியாக உட்கார்ந்திருக்கிறது, நொடிக்கு 878 மீட்டர் வேகத்தில். இந்தியாவின் ஐ.எஸ். 17051 தரத்திலும் உச்சியான ஆறாம் நிலையில் இருப்பது 7.62×54ஆர் கவசம் துளைக்கும் தீக்குண்டு. அதைத் தாங்கும் லேசான மேலங்கியைத்தான் கான்பூரில் உள்ள டி.ஆர்.டி.ஓ. ஆய்வகம் வடிவமைத்ததாக 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள்.

2017 டிசம்பர் 31 அன்று காஷ்மீரின் லெத்போராவில் சி.ஆர்.பி.எஃப். முகாம் தாக்கப்பட்ட பிறகு ‘ஸ்டீல் தோட்டா’ என்று செய்திகள் ஓடின. படித்தவர்கள் பலர் எஃகு என்பதே புதுசு என்று எண்ணிக்கொண்டார்கள். சாதாரண ஏ.கே. தோட்டாவிலேயே எஃகு இருக்கிறது. அதிகாரிகளைக் கவலைப்பட வைத்தது அந்த எஃகு கெட்டியானது என்பது.

இதனால் மென் எஃகைத் துச்சமாக எண்ணிவிடக் கூடாது. ஈயக் குண்டோடு ஒப்பிட்டால் மெல்லிய தகரம், மரம், பழைய இரும்புத் தொப்பி ஆகியவற்றில் அது கூடுதலாகவே இறங்கும். பாலி எத்திலீன் இழைகளை அடுக்கி அழுத்திச் செய்த தகடுகளில் மோதிய பக்கத்தில் கெட்டியான முகம் கிடையாது. அங்கே உருக்குலையாத எந்தத் தண்டும் ஈயத்தைவிடப் பெரிய தொல்லை. அதனால்தான் நுனியில் எஃகு வைத்த பச்சை முனை எம்855 குண்டுக்கென்று என்.ஐ.ஜே. தனியாக இரண்டாம் படி வைத்தது. பீங்கான் தகட்டிலோ கதை தலைகீழ். விக்கர்ஸ் என்ற வேறொரு கடின அளவில் அலுமினா பீங்கான் 1,500 அளவு, கெட்டி எஃகுக்கு 700 சொச்சம். துவைச்சல் போட்ட தண்டும் அதில் பட்டு உடைந்து நொறுங்கும். பின்னால் இருக்கும் இழைப்பாய் தூளை அள்ளிக்கொள்ளும். ஆகவே ‘கவசம் துளைக்குமா’ என்று கேட்பவரிடம் ‘எந்தக் கவசம்’ என்று திருப்பிக் கேட்பதே நியாயம். போலீஸார் சட்டைக்குள் அணியும் மென்கவசம் கைத்துப்பாக்கிக் குண்டுக்கானது. மான் வேட்டைக்கான சாதாரண ஈயக் குண்டு உட்பட எந்த ரைபிள் குண்டையும் நிறுத்துவதற்காக அதைச் செய்யவில்லை.

அமெரிக்கச் சட்டம் தடுக்கி விழுந்தது சரியாக இந்த இடத்தில்தான். 1980-களின் தொடக்கத்தில், டெஃப்லான் பூசிய கே.டி.டபிள்யூ. கைத்துப்பாக்கிக் குண்டுகளைப் பற்றித் தொலைக்காட்சியில் பெரிய பரபரப்பு. (டெஃப்லானுக்கும் துளைப்பதற்கும் சம்பந்தமில்லை. கெட்டி உலோகம் குழலைத் தேய்க்காமலிருக்கப் பூசியது அது. டெஃப்லான் குண்டு என்ற பயம் மட்டும் இன்றுவரை போகவில்லை.) முன்னாள் நியூயார்க் போலீஸ்காரரான நாடாளுமன்ற உறுப்பினர் மாரியோ பியாஜி, கவசத்தைத் துளைத்தால் தடை என்று செயல்திறனை வைத்துச் சட்டம் கொண்டுவர முயன்றார். அப்படிச் செய்தால் வேட்டைத் தோட்டாக்கள் முக்கால்வாசி தடைக்குள் வந்துவிடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் 1986-ல் நிறைவேறிய சட்டம் செயல்திறனை விட்டுவிட்டுப் பொருளைப் பிடித்துக்கொண்டது: கைத்துப்பாக்கியில் பயன்படக்கூடிய குண்டின் உள்ளகம் முழுவதும் டங்ஸ்டன் கலவை, எஃகு, இரும்பு, பித்தளை, வெண்கலம், பெரிலியம் செம்பு, செறிவு நீக்கிய யுரேனியம் இவற்றால் ஆனதென்றால் அது கவசம் துளைக்கும் தோட்டா. கடினம் எவ்வளவு என்று ஒரு வரி கிடையாது. ஆணி இரும்பும் உளி எஃகும் அந்தச் சட்டத்துக்கு ஒன்றே.

கைத்துப்பாக்கி என்ற சொல்தான் இதில் விசை. தோள்கட்டை இல்லாத குட்டை ஏ.கே. கூட அமெரிக்கக் கணக்கில் கைத்துப்பாக்கி. 7.62×39 அளவில் ஒரு கைத்துப்பாக்கி சந்தைக்கு வந்ததும் 1994-ல் அந்த அளவின் எஃகு உள்ளகத் தோட்டா இறக்குமதி நின்றது. போலந்தின் ராடோம் ஆலை செய்த ஓனிக்ஸ் 89எஸ் என்ற 5.45 கைத்துப்பாக்கிக்கு 2011 நவம்பரில் இறக்குமதி அனுமதி கிடைத்தது. அதைக் காட்டித்தான் 2014-ல் 7என்6 விழுந்தது. அதே மென் எஃகைச் சுமந்த, வெள்ளி முனை கொண்ட 7.62×54ஆர் தோட்டா, பெரிய ரைபிளுக்கே உரியது என்பதால் 440 தோட்டா டப்பாக்களில் தொடர்ந்து விற்றது.

விதிவிலக்குகள் இன்னும் வேடிக்கை. 1986-லேயே இரண்டு குண்டுகளுக்கு விளையாட்டுப் பயன் என்ற பெயரில் விலக்குக் கொடுத்தார்கள். ஒன்று எம்855, நுனியில் 10 கிரெயின் (சுமார் 0.65 கிராம்) எடையில் ஒரு சின்ன எஃகுக் கூம்பு, பின்னால் ஈயம். இன்னொன்று, நம்பினால் நம்புங்கள், கறுப்பு முனை எம்2 ஏ.பி. மேலங்கித் தரத்தின் உச்சியில் சோதனைக் குண்டாக நிற்கும் அதே தோட்டா சட்டப்படி விலக்குப் பெற்றது; முதல் படியில் நிற்பது தடைக்குள் போனது. 2015 பிப்ரவரியில் எம்855-இன் விலக்கை எடுக்கப் பார்த்தார்கள். 80,000-க்கு மேல் கருத்துகள் குவிந்ததும் மார்ச் மாதமே பின்வாங்கினார்கள்.

7என்6 விஷயத்தில் அரசுத் தரப்புக்குச் சாதகமாக ஒன்று சொல்லியாக வேண்டும். 1987-ல் சோவியத்தார் அதன் தண்டைக் கெட்டிப்படுத்தி 7என்6எம் என்று மாற்றினார்கள், கடினம் ராக்வெல் 60 அளவுக்கு. வெளியில் பார்த்தால் அதே குண்டு, அதே டப்பா, அதே ‘பெ.எஸ்.’. பிரித்தறிய முதல் துப்பு கூட்டின் அடிப்பக்க முத்திரை. ஒருபுறம் ஆலை எண், 60 என்றால் ஃப்ருன்சே, 270 என்றால் லுகான்ஸ்க். எதிர்ப்புறம் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம். 77 என்று இருந்தால் மென் எஃகு என்று எதிர்பார்க்கலாம். 89 என்றால் அரம் வழுக்க வாய்ப்பு அதிகம். ஆக ஒரே பெயரில் விற்ற சரக்கைப் பற்றி இரண்டு எதிரெதிர் பதில்களும் உண்மையாக இருக்கமுடியும்.

துப்பாக்கிப் பயிற்சி மைதானங்களில் வாசலிலேயே குண்டு முனையில் காந்தம் வைத்துப் பார்ப்பார்கள். காந்தம் ஒட்டினால் எஃகு உள்ளகம் என்று முடிவுகட்டுவது தவறு. ரஷ்யத் தோட்டாக்களில் ஈய உள்ளகம் இருந்தாலும் உறை, தாமிரம் பூசிய எஃகு; காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும். உறையை ஓரிடத்தில் ராவி, அடியில் சாம்பல் நிற மென்மை தெரிகிறதா, பளபளப்பு தெரிகிறதா என்று பார்ப்பதுகூடப் போதாது. 7என்6-இல் முதலில் ஈயப் போர்வைதான் வரும். முழுசாக அறுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

மைதானக்காரர் ஒட்டும் குண்டு எதையும் வேண்டாம் என்பதற்குக் கவசம் காரணமல்ல. எஃகு உள்ளகம் இலக்குத் தகடுகளில் குழி பறிக்கும், சிதறித் திரும்பும், பொறி பறக்கவிடும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட சோதனையில், எஃகுத் தகட்டில் பட்டுச் சிதறிய துண்டுகளைக் காய்ந்த பீட் மண்ணில் விழவிட்டார்கள். எஃகு உறையோ உள்ளகமோ உள்ள குண்டுகளும் முழுச் செம்புக் குண்டுகளும் அடிக்கடி தீ மூட்டின. அந்தத் துண்டுகளுக்குத் துவைச்சல் போட்டிருக்கிறதா இல்லையா என்று மண் பார்க்கவில்லை.