முடிச்சுக்குள் ஏன் சிவப்பு?

"பத்து வருஷமாகக் கோதுமை மட்டுமே கண்ட நிலம். முதல்முறையாகச் சோயா போட்டேன். பயறு தனக்கு வேண்டிய உரத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்றார்கள். செடியோ வெளிறிப்போய் நிற்கிறது. ஏன்?" என்று கேட்டு, வேரைப் படம் பிடித்தும் அனுப்பியிருந்தார் ஒரு வாசகர். வேரில் நாலைந்து முடிச்சுகள்தான் இருந்தன. ஒன்றை நகத்தால் கீறிக் காட்டியிருந்தார். உள்ளே வெள்ளை.

அங்கே சிவப்பு இருந்திருக்க வேண்டும்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது, பயறுவகைகளின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியா எடுத்துக் கொடுக்கும். பள்ளிப் பாடம்தான். முடிச்சுக்குள் இருப்பது உயிருள்ள பாக்டீரியா என்பதை 1888ல் நெதர்லாந்து நுண்ணுயிரியலாளர் பெயரிங்க் பிரித்தெடுத்துக் காட்டினார். வேர் ஒரு வேதிப்பொருளைச் சுரந்து அழைக்கிறது, பாக்டீரியா இன்னொன்றைச் சுரந்து பதில் சொல்கிறது, வேர்த்தூவி சுருண்டு அதை உள்ளே விடுகிறது. இதையெல்லாம் விட்டுவிடுவோம். உள்ளே போனபிறகு வரும் சிக்கல்தான் எனக்குப் பிடித்த இடம்.

நைட்ரஜன் மூலக்கூற்றை உடைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. யூரியா ஆலைகளில் இதற்கு 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் நூறு மடங்குக்கு மேல் காற்றழுத்தமும் வேண்டும். பாக்டீரியாவோ நைட்ரஜனேஸ் என்ற நொதியை வைத்துக்கொண்டு மண்ணின் சாதாரணச் சூட்டிலேயே முடித்துவிடுகிறது. ஆனால் ஒரு மூலக்கூறு உடைக்கக் குறைந்தது 16 ஏ.டி.பி. (உயிரணு ஆற்றலுக்காகச் செலவழிக்கும் சில்லறைக் காசு) செலவாகும். அவ்வளவு ஆற்றல் வேண்டுமானால் பாக்டீரியா நன்றாகச் சுவாசிக்க வேண்டும், அதற்கு ஆக்சிஜன் வேண்டும். அந்த ஆக்சிஜன் பட்டாலோ நைட்ரஜனேஸ் செத்துப்போகும்! அடுப்பு எரியவும் வேண்டும், அடுப்படியில் காற்றும் இருக்கக் கூடாது.

செடி இதற்குக் கண்டுபிடித்த வழி, நம் ரத்தத்தில் ஓடும் அதே வழி. லெக்ஹீமோகுளோபின் என்ற இரும்புள்ள சிவப்புப் புரதத்தை முடிச்சுக்குள் நிரப்பிவைக்கிறது. அது ஹீமோகுளோபினின் உறவுதான் என்று 1939ல் ஜப்பானின் குபோ காட்டினார். தீயணைக்க வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றுவார்களே, அப்படி இந்தப் புரதம் ஆக்சிஜனைப் பிடித்துப் பிடித்துப் பாக்டீரியாவிடம் சேர்க்கிறது. வழியில் ஒரு சொட்டும் சிந்துவதில்லை. சுவாசத்துக்குத் தட்டுப்பாடு கிடையாது, நொதியைக் கொல்லும் அளவுக்கு ஆக்சிஜன் தனியாகத் திரிவதும் கிடையாது.

ஆக்சிஜனை இப்படி அளந்து கொடுப்பதையே செடி சவுக்காகவும் பயன்படுத்துகிறது. 2003ல் வெளியான ஒரு சோதனையில், சோயா முடிச்சுகளைச் சுற்றியிருந்த காற்றில் நைட்ரஜனை எடுத்துவிட்டு ஆர்கான் என்ற வாயுவை வைத்தார்கள். பாவம், பாக்டீரியா என்ன செய்யும்? உடைக்க நைட்ரஜனே இல்லை. செடியோ 'இது வேலை செய்யாத சோம்பேறி' என்று முடிவுகட்டி, அந்த முடிச்சுகளுக்குப் போகும் ஆக்சிஜனைக் குறைத்துவிட்டது.

சரி, வாசகர் வயலுக்கு வருவோம். யூரியா தாராளமாக இட்ட தானிய நிலத்தில் நைட்ரேட் மிச்சமிருந்தால் பயறு முடிச்சுப் போடாது. சும்மா கிடைக்கும்போது 16 ஏ.டி.பி. எதற்கு? ஆனால் அப்படியென்றால் செடி கரும்பச்சையாக இருந்திருக்கும். இங்கே வெளிறியிருக்கிறது. எனவே என் சந்தேகம் கூட்டாளி மேல்தான். சோயாவுக்கு ஒத்துவரும் பாக்டீரியா, சோயாவே விளைந்திராத மண்ணில் பெரும்பாலும் இருக்காது. கடையில் பாக்கெட்டாக வாங்கி விதையோடு கலந்துதான் விட வேண்டும். பாக்கெட்டில் இருப்பது உயிர். வெயிலில் கிடந்தால் செத்துவிடும். தானியப் பயிருக்கே முடிச்சு வரவைக்கும் மரபணு ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டுகிறார்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் கடைக்கு வரும் பாக்கெட்டில் பாக்டீரியா உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் சாதாரண வேலைக்கும் அதில் கொஞ்சம் கிள்ளிக் கொடுக்கலாம்.

இன்னொன்று. பயறு போட்டாலே மண் வளமாகிவிடும் என்பது பாதி மூடநம்பிக்கை. ஒரு டன் சோயா விதை ஏறக்குறைய 60 கிலோ நைட்ரஜனைத் தூக்கிக்கொண்டு வயலைவிட்டுப் போகிறது. முடிச்சு சரியாக வேலை செய்யாவிட்டால் கணக்கு மண்ணுக்கு நஷ்டம். அப்படியும் அடுத்த கோதுமை செழிப்பாக வருவதுண்டு. ஒரு பருவம் கோதுமை வேர் கிடைக்காமல் அதைத் தின்னும் பூஞ்சை பட்டினி கிடக்கும். பயற்றின் சருகும் கோதுமைத் தாளைவிடச் சீக்கிரம் மக்கும்; கோதுமைத் தாள் மக்கும்போது மண்ணிலுள்ள நைட்ரஜனையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

வாசகருக்கு: இந்தப் பயிருக்கு மேலுரமாகக் கொஞ்சம் தழைச்சத்து கொடுங்கள். அடுத்த முறை சோயாவுக்கென்றே உள்ள ரைசோபியத்தை (அந்த முடிச்சு பாக்டீரியாவின் பெயர்) நிழலில் வைத்து விதையோடு கலந்து, பூஞ்சைக்கொல்லி படாமல், அன்றைக்கே விதையுங்கள். பூக்கும் சமயத்தில் ஒரு செடியைப் பாருங்கள். பிடுங்காதீர்கள், முடிச்செல்லாம் மண்ணிலேயே தங்கிவிடும். மண்வெட்டியால் மண்ணோடு எடுத்து, தண்ணீரில் அலசுங்கள். பெரிய முடிச்சாக ஒன்றைக் கிள்ளினால் நகத்தில் சிவப்பு ஒட்ட வேண்டும்.