பதற்றத்துக்குச் சூரணம் தேடும் முன்

"எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு டாக்டர், நார்மல்னு சொல்லிட்டாங்க. ஆனா நெஞ்சு மட்டும் படபடன்னு அடிச்சுக்குது." என் முன்னால் வந்து உட்காருகிறவர்களில் நிறையப் பேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். சிலருக்கு வயிற்றைப் பிசைகிறது. சிலருக்கு உள்ளங்கை வியர்க்கிறது. சிலருக்குப் படுத்தவுடன் நாளைய வேலையெல்லாம் வரிசையாக வந்து நிற்கிறது. அடுத்த கேள்வி பெரும்பாலும் ஒன்றேதான்: "அஸ்வகந்தா சாப்பிடலாமா?" அமுக்கரா வேர்ச் சூரணத்தைத்தான் கேட்கிறார்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பது பேச்சு வளர வளரத் தெரியவரும்.

ஆயுர்வேத மருத்துவராக நான் மகிழ்ந்து தலையாட்ட வேண்டிய கேள்வி இது. ஆனால் அந்த அஸ்வகந்தா டப்பாவைக் கொஞ்ச நாள் தள்ளிவைக்கச் சொல்வதுதான் என் வழக்கம். அன்றாடப் பதற்றத்துக்கு ஆயுர்வேதத்தில் நல்ல வழிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை டப்பாவில் வருவதில்லை. எழும் நேரம், உண்ணும் நேரம், எண்ணெய், உறக்கம் என்று கேட்டாலே சலிப்புத் தட்டும் விஷயங்கள். அதனால்தான் அவற்றை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

நம் நூல்கள் உடம்பை வாதம், பித்தம், கபம் என்ற மூன்றாகப் பிரித்துப் பார்க்கின்றன; பதற்றத்தின் பெரும்பகுதியை வாதத்தின் கணக்கில் எழுதுகின்றன. வாதத்தின் குணங்களாக வறட்சி, லேசு, குளிர்ச்சி, சொரசொரப்பு, நுண்மை, ஓயாத அசைவு ஆகியவற்றை அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூல் சொல்கிறது. பதற்றத்தில் இருக்கும் ஒருவரைக் கவனித்துப் பாருங்கள். நாக்கு வறண்டிருக்கும், கை சில்லிட்டிருக்கும், உட்கார்ந்த இடத்தில் கால் ஆடிக்கொண்டிருக்கும், பேச்சு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். சிகிச்சை விதி எளிது: கூடிப்போன குணத்துக்கு எதிர்க்குணத்தைக் கொடு. வறட்சிக்கு எண்ணெய்ப்பசை, குளிர்ச்சிக்கு வெதுவெதுப்பு, அலைச்சலுக்கு ஒழுங்கு. வாதம் என்பது, ஆபத்து நேரத்தில் உடம்பை உசுப்பிவிடும் சிம்பதெடிக் நரம்பு மண்டலமேதான் என்று சமன்பாடு போடுகிறவர்கள் உண்டு. நான் போடுவதில்லை. உடம்பை வெவ்வேறு விதமாகப் பிரித்துப் பார்க்கும் இரண்டு முறைகள் அவை. ஆனாலும் பதற்றம் என்று வரும்போது இந்தப் பழைய முறையில் ஒரு சௌகரியம் உண்டு. "கவலைப்படாதே" என்று அது சொல்வதில்லை, கையால் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்கிறது.

நான் முதலில் கேட்பது நேரத்தைத்தான். கடந்த மூன்று நாட்களில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள், கடைசியாகப் போனைக் கீழே வைத்தது எப்போது என்று எழுதித் தரச் சொல்வேன். எழுதும்போதே பலருக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும். அப்படி ஒருவர், அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன். தினமும் மாலை ஐந்து மணி வாக்கில் தனக்குப் பதற்றம் "அட்டாக்" மாதிரி வருகிறது என்றார். அவருடைய தாளில் காலைச் சாப்பாட்டுக்கு எதிரே கோடு, மதியச் சாப்பாட்டுக்கு எதிரே 3.30, இடையில் நான்கு காபி. "சாப்பிட டைமே கிடைக்கலை டாக்டர்" என்றார். வெறும் வயிற்றில் நான்கு காபி போனால் யாருக்கும் கை நடுங்கத்தான் செய்யும். காலையில் சூடாக ஏதாவது சாப்பிடுவது, மதியச் சாப்பாட்டை ஒரு மணிக்குக் கொண்டுவருவது, காபியை இரண்டாகக் குறைத்து இரண்டையும் மதியத்துக்குள் முடிப்பது. இவ்வளவுதான் எழுதிக் கொடுத்தேன். கவலைகள் அவரை விட்டுப் போய்விடவில்லை, ஆனால் அந்த ஐந்து மணி நடுக்கம் சில வாரங்களில் அடங்கிவிட்டது. பெரியவர்களுக்குக் காஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக் காபி இரவு பத்து மணிக்கும் பாதி உடம்பில் இருக்கிறது என்று அர்த்தம்.

சாப்பாடும் மனமும் இரண்டு பக்கமும் இழுத்துக்கொள்ளும். நல்ல உணவைச் சரியான அளவில் உண்டாலும், கவலை, துயரம், பயம், கோபம், சரியில்லாத படுக்கை, கண்விழிப்பு இவற்றால் அது செரிப்பதில்லை என்று சரகரின் பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை, விமான ஸ்தானம் என்ற பகுதியில் சொல்கிறது. அதனால் பதற்றக்காரர்களுக்கு நான் பட்டினியும் பச்சைக் காய்கறிச் சாலட்டும் சொல்வதில்லை. வெந்தது, சூடானது, கொஞ்சம் நெய் சேர்ந்தது, குறித்த நேரத்தில். சாப்பிடும்போது கையில் போன் கூடாது. இடைவிட்ட உண்ணாநோன்பு சிலருக்கு ஒத்துவரும்தான், ஆனால் நெஞ்சு படபடக்கிற காலத்தில் அதைத் தொடங்க வேண்டாம்.

இனி எண்ணெய். ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்று யாராவது சொன்னால் நான் தேர்ந்தெடுப்பது இதைத்தான். அஷ்டாங்க ஹிருதயத்தின் தினசரி ஒழுக்க அத்தியாயம் எண்ணெய் தேய்ப்பதை நாள்தோறும் செய்யச் சொல்கிறது. தலை, காது, பாதம் மூன்றையும் குறிப்பாகக் கவனிக்கச் சொல்கிறது. முழு உடம்புக்கும் தேய்க்க நேரமில்லாதவர்களுக்கு அந்தக் கடைசிச் சொல் போதும். இரவு படுக்கும் முன் பாதம் மட்டும்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அவசரமாகப் பூசிவிட்டு "ஒண்ணும் தெரியலையே" என்கிறார்கள். இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயைச் சிறு கிண்ணத்தில் எடுத்து, அந்தக் கிண்ணத்தை வெந்நீரில் வையுங்கள். அடுப்பில் நேரடியாகச் சூடாக்க வேண்டாம். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் சுகமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. ஒரு காலை இன்னொரு தொடைமேல் போட்டு உட்கார்ந்து, முதலில் கணுக்கால் எலும்பைச் சுற்றி வட்டமாகத் தேயுங்கள். பிறகு குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த தசைநாணை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழுமாக நீவுங்கள். உள்ளங்காலில் கட்டைவிரலால் குதிகாலிலிருந்து விரல்களை நோக்கி நீளமாக அழுத்தித் தள்ளுங்கள். கடைசியாக ஒவ்வொரு விரலையும் அடியிலிருந்து நுனிவரை உருவி, விரலிடுக்குகளிலும் எண்ணெய் படும்படி விடுங்கள். ஒரு காலுக்கு ஐந்து நிமிடம். அவசரம் வேண்டாம், கை ஒரே வேகத்தில் போகட்டும். முடிந்ததும் வெதுவெதுப்பான துணியால் துடைத்துவிட்டுப் பருத்திக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய்க் காலோடு குளியலறைக்குப் போய் வழுக்கி விழுந்து கையை உடைத்துக்கொண்டு வந்தவரைப் பார்த்த பிறகு, காலுறையை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

உள்ளங்கால் வழியாக எண்ணெய் நரம்புக்குள் இறங்கி மூளையைக் குளிர்விக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். வெதுவெதுப்பு, சீரான தொடுகை, பத்து நிமிடம் போன் தொட முடியாத எண்ணெய்க் கை, இந்த மூன்றுமே நிறைய வேலை செய்கின்றன. காய்ச்சல், கடும் சளி, அஜீரணம் இருக்கும் நாட்களில் உடம்புக்கு எண்ணெய் தேய்க்க வேண்டாம். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் எண்ணெயின் சூட்டை வேறொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், வெடிப்போ புண்ணோ இருந்தால் பாதத்தைத் தொடவே வேண்டாம். காலில் ஒரு பக்கம் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் அதைத் தேய்க்கக் கூடாது. இரத்தக்கட்டியாக இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

உறக்கத்தைப் பற்றி நூல்களில் நிறைய உண்டு. எனக்குப் பிடித்தது, இரவில் கண்விழிப்பது உடம்பில் வறட்சியைக் கூட்டும் என்ற அஷ்டாங்க ஹிருதய வரி. பின்னிரவு வரை விழித்திருந்த மறுநாள் காலை, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்திருந்தால் இதை விளக்கத் தேவையில்லை. படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை முதலில் பிடியுங்கள். விடுமுறை நாளிலும் அதே நேரம். பாலில் ஜாதிக்காய்த் தூள் ஒரு சிட்டிகை போடலாம். நல்லதுதானே என்று தேக்கரண்டிக் கணக்கில் போட்டால் அதுவே நெஞ்சுப் படபடப்பையும் மனக்குழப்பத்தையும் கொண்டுவரும்.

மூச்சுப் பயிற்சி யோகத்திலிருந்து வந்தது, ஆனால் ஆயுர்வேதக்காரர்கள் எல்லோரும் சொல்வோம், நானும் சொல்கிறேன். ஒரே ஒரு விதி: வெளிமூச்சு உள்மூச்சைவிட நீளமாக இருக்க வேண்டும். நான்கு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே. நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். பதற்றம் வரும்போது "ஆழமாக மூச்சு விடு" என்று யாராவது சொல்ல, வேக வேகமாக இழுத்து விட்டு, இரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறைந்து, விரல் நுனி மரத்து, தலை சுற்றி இன்னும் பயந்து போகிறவர்கள் உண்டு. மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதியும் மூச்சை அடக்கிப் பிடிப்பதும் இந்த நேரத்தில் வேண்டாம்.

சரகர் இன்னொன்றும் சொல்கிறார், அதைச் சொல்லாமல் விட மனமில்லை. அடக்கக் கூடாத இயல்பான வேகங்கள், அதாவது உடம்பின் உந்துதல்கள், என்று 13 கொடுக்கிறார். சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம், கொட்டாவி ஆகியவற்றோடு கண்ணீரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதே அத்தியாயத்தில் அடக்க வேண்டியவையாகப் பேராசை, கோபம், பொறாமை போன்றவை வருகின்றன. நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். மீட்டிங் முடியட்டும் என்று சிறுநீரை அடக்குகிறோம், யாராவது பார்ப்பார்கள் என்று அழுகையை அடக்குகிறோம், கோபத்தை மட்டும் தடையில்லாமல் விடுகிறோம். என் அறையில் அழுதுவிட்டு "சாரி டாக்டர்" என்கிறவர்களிடம் சொல்வேன், அதற்குச் சாரி சொல்ல வேண்டாம், நூலிலேயே அனுமதி இருக்கிறது.

இப்போது அந்த டப்பாவுக்கு வருவோம். அஸ்வகந்தா பயனற்றது என்று நான் சொல்லவில்லை. மன அழுத்தம் குறைவதாகக் காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் அவை பெரும்பாலும் சிறியவை, சில வாரங்கள் மட்டும் நீடித்தவை. மறுபக்கம், அதைச் சாப்பிட்டவர்களுக்கு அரிதாகக் கல்லீரல் பாதிப்பு வந்த நேர்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. 2023-ல் டென்மார்க் அதன் விற்பனையையே தடை செய்தது. கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், தைராய்டு அதிகம் சுரப்பவர்கள், தூக்க மாத்திரையோ நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தோ எடுப்பவர்கள் அதைத் தாமாகத் தொடக் கூடாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. தைராய்டு அதிகம் சுரந்தாலே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் கெடும். அதைப் "பதற்றம்" என்று நினைத்து, தைராய்டை இன்னும் தூண்டக்கூடிய வேரைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரத்தசோகை, ஆஸ்துமா இன்ஹேலர், சில சளி மாத்திரைகள்கூடப் படபடப்பைக் கொடுக்கும். ஆகவே இரத்தப் பரிசோதனை முதலில், சூரணம் பிறகு.

சர்ப்பகந்தா இன்னொன்று. "பிபிக்கும் டென்ஷனுக்கும் நல்லது" என்று பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததாக வருவார்கள். அதன் வேரிலிருந்துதான் 1952-ல் ரெசர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இரத்த அழுத்தத்தை உண்மையாகவே இறக்கும், மனச்சோர்வையும் கொண்டுவரக்கூடும். வீட்டில் வைத்து விளையாடுகிற வேர் அல்ல. வாங்கும் பொருளின் தரமும் முக்கியம். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்து 2004-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 14-ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது இருந்தது. தயாரிப்பு உரிமம், தொகுதி எண், உள்ளடக்கம் மூன்றும் லேபிளில் இல்லாத பொட்டலத்தை, யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இதைச் சொன்னால் என் துறை நண்பர்கள் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் வேலைக்குப் போய், வீட்டைப் பார்த்துக்கொண்டு, நடுநடுவே பதறுகிறவர்களுக்கு. பதற்றம் வேலையையோ உறவையோ வெளியே போவதையோ நிறுத்திவிட்டது என்றால் விஷயம் வேறு. பதற்றத்தின் அளவைப் பார்க்க உலகெங்கும் பயன்படும் ஜிஏடி-7 என்ற வினாப்பட்டியல், கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி 7 கேள்விகள் கேட்கிறது. மொத்த மதிப்பெண் 21-ல் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டும். காரணமில்லாமல் எடை குறைவது, மயங்கி விழுவது, நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம் வந்து கைக்கோ தாடைக்கோ பரவுவது, இவற்றுக்கெல்லாம் பாதத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. நெஞ்சு அழுத்தம் என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலும் அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஏற்கெனவே மனநல மாத்திரை எடுப்பவர்கள் ஆயுர்வேதத்துக்கு வரும்போது பலர் அதை மறைக்கிறார்கள், சிலர் "இயற்கைக்கு மாறப் போறேன்" என்று முந்தின வாரமே நிறுத்திவிட்டு வருகிறார்கள். பதற்றத்தைத் தணிக்கக் கொடுக்கும் அல்பிரசோலம், குளோனசிபாம் வகை மாத்திரைகளை நாள்பட எடுத்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் அவற்றைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எண்ணெயும் சாப்பாட்டு நேரமும் அந்த மாத்திரைகளோடு சேர்ந்தே நடக்கலாம். எங்களிடம் வரும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும், சாப்பிடும் சூரண டப்பாக்களையும் ஒரே பையில் போட்டு எடுத்து வாருங்கள். எதை எதனோடு சேர்க்கக் கூடாது என்பதை மேஜைமேல் பரப்பி வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும்.