ஈரம் கழித்த எடை

ஜிம் நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் அம்மா அதைப் புரட்டிக்கொண்டிருந்தார். "என்னடா இது, இலைக் கணக்கு மாதிரி இருக்கு?"

தேதி, அதற்கு நேராக எடை, அதற்கு நேராக எண்ணிக்கை. பார்த்தால் அப்படித்தான் இருக்கும். அம்மா குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் 26 வருடம் கொழுந்து பறித்தவர். பெஞ்சில் படுத்து எடையை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் விரலை வரிசையாக ஓட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "போன வாரம் ஒம்பது, இந்த வாரம் அஞ்சு. போன வாரம் மழையா?"

ஜிம்முக்குள் மழை ஏது என்று சிரித்தேன். அப்புறம்தான் அவர் கேட்டது உறைத்தது.

மழை நாளில் பறித்த கொழுந்தில் தண்ணீர் ஒட்டியிருக்கும். தராசுக்கு இலையும் தண்ணீரும் ஒன்றுதான். அதனால் எடை போடும் இடத்தில் சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். எவ்வளவு கழிப்பது என்பதில்தான் சண்டை வரும். அம்மாவுக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் ஏதோ ஒன்று கழிக்கத்தான் வேண்டும் என்பதை அவரும் மறுக்கமாட்டார். திடீரென்று எண் கூடிய நாளைத்தான் அவர் முதலில் சந்தேகப்படுவார், குறைந்த நாளை அல்ல.

ஜிம் நோட்டில் ஏறும் எண்ணிலும் உடம்பின் பலம் கொஞ்சம், ஈரம் கொஞ்சம். இரண்டையும் பிரிக்கவேண்டுமானால், பலம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரியவேண்டும்.

நீலகிரியில் பலத்தை அளந்த பழைய கருவி கல். தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளில் உருண்டையான பெரிய கல்லைத் தோள்வரை தூக்கிக் காட்டுவது ஆண்களின் விளையாட்டாக இருந்தது. தோடர்களைப் பற்றி 1906இல் விரிவாக எழுதி வெளியிட்ட டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் இதைக் குறித்திருக்கிறார். கீழே சமவெளியில் இளவட்டக்கல் என்கிறோமே, அதற்கு உறவுக்காரக் கல் என்று வைத்துக்கொள்ளலாம். இந்தக் கல்லில் ஒரு சிக்கல் உண்டு. தூக்கினாய், தூக்கவில்லை என்று இரண்டே பதில்தான் அதற்குத் தெரியும். இந்த வாரம் இரண்டு கிலோ கூட்டிப் பார்ப்போம் என்றால் கல் கேட்காது. அது பரீட்சை வைக்கும், பாடம் நடத்தாது.

பாடத்துக்கு ஒரு வழிமுறை வந்தது சிகாகோவில். இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட சிப்பாய்கள், முழங்கால் அறுவை முடிந்து மாதக்கணக்கில் அங்கே ஒரு ராணுவ மருத்துவமனையில் கிடந்தார்கள். லேசான எடையைப் பலமுறை அசைக்கச் சொல்வதே அப்போதைய வழக்கம். தாமஸ் டிலோர்ம் என்ற ராணுவ மருத்துவர் அதைப் புரட்டிப்போட்டார். சிறுவயதில் நோயில் விழுந்து, எடை தூக்கியே உடம்பைத் தேற்றியவர் அவர். பத்து முறை தூக்க முடிந்து, பதினோராவது முறை முடியாமல் போகும் எடை எது என்று ஒவ்வொருவருக்கும் கண்டுபிடித்தார். அதை வைத்தே பயிற்சி. வாரம் ஒருமுறை மறுபடி அளந்து, பலம் கூடியிருந்தால் எடையையும் கூட்டினார். 1945இல் இதைக் கட்டுரையாக வெளியிட்டார். 1948இல் வாட்கின்ஸ் என்ற மருத்துவருடன் சேர்ந்து இன்னும் எளிதாக்கினார்: அந்த எடையில் பாதியை வைத்து ஒரு செட் (நிறுத்தாமல் பத்து முறை), முக்காலை வைத்து ஒரு செட், முழு எடையில் ஒரு செட். எடையை ஏற்றுவது மட்டுமல்ல, அளந்து எழுதிக்கொள்வதும் சிகிச்சையின் பாகமானது இங்கேதான். நம் ஜிம் நோட்டுக்குத் தாத்தா யார் என்று கேட்டால் நான் இவரைக் காட்டுவேன்.

சரி, எடை கூடும்போது உடம்புக்குள் கூடுவது என்ன? புதிதாக ஜிம்மில் சேர்ந்தவரின் முதல் மாத நோட்டைப் பாருங்கள். 30 கிலோவில் தொடங்கியவர் நாலு வாரத்தில் 40 தூக்குகிறார். டேப் வைத்துப் புஜத்தை அளந்தால் ஏறக்குறைய அதே அளவு. தசை வளராமல் பலம் எப்படி வந்தது?

முதுகுத்தண்டிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு இயக்க நரம்பணுவும் தனக்கென்று ஒரு தொகுதித் தசையிழைகளை வைத்திருக்கிறது. விழியை அசைக்கும் தசையில் ஓர் அணுவின்கீழ் சில இழைகளே இருக்கும். தொடையில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கலாம். அணு 'இழு' என்றால் அதன்கீழ் உள்ள அத்தனை இழைகளும் இழுக்கும். அதில் பாதி, கால் என்பது கிடையாது. ஆக, கூடுதல் பலம் வேண்டுமானால் மூளைக்கு இரண்டே வழி: கூடுதல் அணுக்களை வேலைக்கு இறக்கலாம், அல்லது இறங்கியவற்றுக்கு அடுத்தடுத்து வேகமாகக் கட்டளை அனுப்பலாம். சின்ன அணுக்கள் முதலில் வரும், பெரியவை கடைசியில் வரும் என்ற ஒழுங்கை எல்வுட் ஹென்னமன் 1965இல் தெளிவாக நிறுவினார். காப்பி டம்ளரைத் தூக்கச் சின்னவை போதும். பெரியவை கனமான எடைக்கோ, மிச்சமெல்லாம் களைத்த பிறகோதான் எழுந்து வரும்.

பழக்கமில்லாதவருக்கு அந்தப் பெரிய அணுக்கள் முழுசாக எழுவதில்லை. மஸ்டரில், அதாவது எஸ்டேட் வருகைப் பதிவேட்டில், பேர் இருக்கிறது, ஆள் மலையேறவில்லை. அதோடு, எடை மாட்டிய இரும்புக் கம்பியான பாரைத் தள்ளும் தசை வேலை செய்யும்போது எதிர்ப்பக்கத் தசையும் பயந்துபோய் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் பலம் அந்த இழுபறியில் போய்விடும். முதல் சில வாரங்களில் சீராவது இவையெல்லாம்தான். 1979இல் மோரிடானியும் டிவ்ரீஸும் எட்டு வாரப் பயிற்சியில் இதை அளந்து காட்டினார்கள்: தொடக்கப் பலம் பெரும்பாலும் நரம்பின் பங்கு, மூன்று நாலு வாரம் போன பிறகே தசை வளர்ச்சி மேலெழுகிறது. இன்னொரு சாட்சி அதைவிடப் பழையது. 1894இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்கிரிப்சரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சி இல்லாத மறு கைக்கும் பலம் கூடியிருந்தது. அந்தக் கைத் தசை ஒன்றும் செய்யவில்லை. கற்றுக்கொண்டது மேலே இருக்கும் நரம்பு மண்டலம்.

தசையின் முறை அதற்கு அப்புறம். இழை பாரத்தால் இறுகி இழுபடுவதை செல்லே உணர்ந்து, புதுப் புரதம் கட்டும் வேலையை முடுக்கிவிடுகிறது. ஒருமுறை முடுக்கினால் அந்த வேகம் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் நீடிக்கும். ஒரே தசையைத் தினம் வதைக்காமல் இடைவெளி விடச் சொல்வது இதை ஒட்டித்தான்.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. 'நேத்து செம வொர்க்அவுட், இன்னைக்குப் படி இறங்க முடியலை' என்று பெருமைப்படுபவர்கள் எங்கள் ஜிம்மில் நிறைய. குன்னூரில் எங்கே போனாலும் படிதான், அதனால் பெருமைக்கும் குறைவில்லை. தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போதுதான் இந்த மறுநாள் வலி அதிகம் வரும். படி ஏறுவதைவிட இறங்குவது தொடையைப் பிடிப்பதும் அதனால்தான். பழகாத வேலை செய்தாய் என்பதற்கு அது அடையாளம். பலம் கூடியதா என்று அதைக் கேட்டால் பதில் வராது. நோட்டில் வலிக்கு என்று ஒரு பத்தி தேவையில்லை.

இனி ஈரத்துக்கு வருவோம். போன டிசம்பரில் சித்தி மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்து இரண்டு வாரம் தங்கினான். குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு கடை மாடியில் இருக்கும் எங்கள் ஜிம்முக்கு என்னோடு வந்தான். ஊரில் 70 கிலோ பெஞ்ச் பிரஸ் மூன்று செட்டில் அவனுக்கு 8, 8, 7 முறை. இங்கே 8, 6, 4. "அண்ணா, உங்க ஊருக்கு வந்து என் பலமே போயிடுச்சு" என்று முகம் வாடிவிட்டது. நோட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் செட் அப்படியே இருக்கிறது. பலம் போயிருந்தால் முதலில் அடிவாங்குவது அதுதானே?

குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு இங்கேயும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் கோயம்புத்தூரைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அதனால் ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. ஒரு செட்டின் முதல் சில விநாடிகளுக்கு இது பொருட்டே இல்லை. தசையில் ஏற்கெனவே இருப்பிலுள்ள உடனடிச் சக்திப் பொருள்களான ஏ.டி.பி.யும் கிரியேட்டின் பாஸ்பேட்டும் அதைப் பார்த்துக்கொள்ளும். செலவான கிரியேட்டின் பாஸ்பேட்டை மறுபடி நிரப்பத்தான் ஆக்சிஜன் வேண்டும். ஊர் வழக்கப்படி ஒன்றரை நிமிடம்தான் ஓய்வெடுத்தான். கிடங்கு முழுசாக நிறையுமுன் அடுத்த செட்டை ஆரம்பித்துவிட்டான். மறுநாள் விட்டு அடுத்த நாள் மூன்று நிமிடம் உட்காரவைத்தேன். 8, 7, 7. முழுப் பழியையும் மலைமேல் போட நான் தயாரில்லை. புது இடத்தில் அவன் சரியாகத் தூங்கவும் இல்லை. ஆனால் ஓய்வு நேரத்தை எழுதாத நோட்டு பாதி நோட்டு என்று அன்றைக்கு அவனுக்குப் புரிந்தது.

மலைமேல் புவியீர்ப்பு குறைவாச்சே, எடையும் குறையணுமே என்று ஒரு பையன் அப்போது கேட்டான். நல்ல கேள்விதான். குறையும், 100 கிலோவுக்கு 50 கிராம்கூடத் தேறாது.

குளிர் அதைவிடப் பெரிய ஆசாமி. தசையின் உள்வெப்பம் ஒரு டிகிரி இறங்கினால், வேகமாகச் செய்யும் வேலையில் வெளிப்படும் திறன் ஏறத்தாழ 4 சதவீதம் இறங்கும். ஜனவரிக் காலை ஆறு மணிக்கு ஊட்டியில் புல்வெளி பனி உறைந்து வெள்ளையாகக் கிடக்கும்போது, ஸ்வெட்டரைக் கழற்றியதும் நேராக பாருக்கு அடியில் போய்ப் படுப்பவர் நோட்டில் எழுதுவது அன்றைய குளிரைத்தான். பொதுவாகவே காலையைவிட மாலையில் பலம் சற்றுக் கூடுதலாக இருக்கும். உடல்வெப்பம் அப்போது ஏறியிருப்பது அதற்கு ஒரு காரணம். போன வாரம் மாலையில் தூக்கியதையும் இந்த வாரம் காலையில் தூக்கியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கவலைப்படுவது வீண்.

இரும்பும் பொய் சொல்லும். எங்கள் ஜிம்மில் 10 என்று அச்சிட்ட ஒரு பிளேட்டை, கீழே கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 9 கிலோ 600 கிராம். அதிலிருந்து பழைய பிளேட்டுகளில் சாக்பீஸால் குறி போட்டிருக்கிறேன்.

அம்மா விரல் வைத்த இடத்துக்கு இப்போது போகலாம். ஒன்பது ரெப், அதாவது ஒன்பது முறை, தூக்கியது 50 கிலோவில். ஐந்து ரெப் தூக்கியது 55 கிலோவில். எடை மாறும்போது எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட முடியாது. இதற்கு நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பாய்ட் எப்லி 1985இல் தந்த சூத்திரம் ஒன்று உண்டு: ரெப்பை 30ஆல் வகுத்து, ஒன்றைக் கூட்டி, எடையால் பெருக்கவேண்டும். ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடை ஏறத்தாழ அதுதான். 50 கிலோ 9 முறை என்றால் 65. 55 கிலோ 5 முறை என்றால் 64.2. ஆக நான் இறங்கவில்லை, ஏறவுமில்லை. நின்ற இடத்தில் நிற்கிறேன். பத்து ரெப்புக்கு மேல் போனால் இந்தச் சூத்திரம் தடுமாறும்; 20 ரெப் போட்டுவிட்டுக் கணக்குப் போட்டு மீசை முறுக்கவேண்டாம்.

இதோடு நான் எழுதும் இன்னொன்று, செட் முடிந்தபோது இன்னும் எத்தனை முறை தூக்கியிருக்க முடியும் என்பது. 50 கிலோ 8 முறை, மிச்சம் 0 என்று ஒரு மாதம்; அதே 50 கிலோ 8 முறை, மிச்சம் 2 என்று அடுத்த மாதம். எண் மாறவே இல்லை, ஆனால் ஆள் ஏறியிருக்கிறான். சின்ன ஜிம்களில் இது ரொம்ப உதவும். மிகச் சின்ன பிளேட் இரண்டரைக் கிலோ என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து ஒரே தாவலில் 5 கிலோ. பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டில் 100 வைப்பவருக்கு அது 5 சதவீதம். தலைக்குமேல் 30 தூக்குபவருக்கு 17 சதவீதம். அவர் அதே எடையில் 6 ரெப்பிலிருந்து 10 வரை மெதுவாக ஏறிவிட்டு, அப்புறம் தாவுவதுதான் நடக்கிற காரியம்.

புதியவருக்கு வாரா வாரம் எண் ஏறும். இரண்டு வருடம் ஆனவருக்கு ஒரு மாதத்தில் ஏறுவது ஒரு கிலோவாக இருக்கலாம். குளிரும் தூக்கமும் ஓய்வும் சேர்ந்து ஒரே நாளில் அதைவிட அதிகம் ஆட்டிவிடும். அதனால் ஒரு நாளை இன்னொரு நாளோடு ஒப்பிடுவதை நான் விட்டுவிட்டேன். நாலு வாரத்துக் கணக்கின் சராசரியை அதற்கு முந்தைய நாலு வாரத்தோடு வைத்துப் பார்க்கிறேன்.

இப்போது நோட்டில் கடைசியாகக் குறுகலாக ஒரு பத்தி: 'ஈரம்'. காலையா மாலையா, தூக்கம் எத்தனை மணி, ஓய்வு எத்தனை நிமிடம். அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"கழிக்கிறது யாரு?"

"நான்தான்."

"நீயே பறிச்சு, நீயே எடை போட்டு, நீயே கழிச்சுக்குவியா? நல்லா இருக்குடா கணக்கு!"

மறுநாள் ஸ்குவாட் செட்டுக்கு முன்னால் போனை ஜிம் மாஸ்டர் கையில் கொடுத்தேன். இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா என்று பக்கவாட்டில் நின்று வீடியோ எடுக்கச் சொன்னேன். எட்டு என்று எண்ணிக்கொண்டு எழுந்தேன். வீடியோவைப் பார்த்துவிட்டு மாஸ்டர் சொன்னார், "ஆறுன்னு எழுதிக்கோ."