அளவு குறைந்தால் நிறம் மாறும்

காட்மியம் செலினைடு என்பது ஒரு குறைகடத்தி, அதாவது மின்சாரத்தை ஓரளவு மட்டும் கடத்தும் பொருள். அது கட்டியாக இருக்கும்போது கருமையாகத் தெரியும். அதையே 2 நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) துகள்களாக்கித் திரவத்தில் மிதக்கவிட்டு, புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் நீலமாக ஒளிர்கிறது. துகள் 3 நானோமீட்டர் என்றால் பச்சை. 6 நானோமீட்டரை நெருங்கினால் சிவப்பு. சாயம் எதுவும் சேர்க்கவில்லை. பொருள் ஒன்றுதான், அளவு மட்டுமே வேறு. இந்தத் துகள்களைத்தான் குவாண்டம் புள்ளிகள் என்கிறார்கள்.

குறைகடத்தியின் மேல் ஒளி விழும்போது ஓர் எலக்ட்ரான் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு மேல்நிலைக்குத் தாவுகிறது. அது விட்டுச்சென்ற காலியிடத்துக்குத் துளை என்று பெயர். எலக்ட்ரான் இறங்கிவந்து துளையை நிரப்பும்போது, இரண்டு நிலைகளுக்கும் இடைப்பட்ட ஆற்றல் ஒளியாக வெளியேறுகிறது. இடைவெளி பெரிதானால் நீலம், சிறிதானால் சிவப்பு. பெரிய படிகத்தில் இந்த இடைவெளி மாறாது. காட்மியம் செலினைடுக்கு அது சுமார் 1.74 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு). எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று ஈர்த்தபடியே சில நானோமீட்டர் தள்ளி உலவும். எலக்ட்ரான் ஓர் அலையைப் போலவும் நடந்துகொள்ளும். படிகம் அந்தத் தூரத்தைவிடச் சிறியதாகிவிட்டால் அந்த அலை நெருக்கி அடைக்கப்படுகிறது. அதன் ஆற்றல் ஏறுகிறது, இடைவெளியும் பெரிதாகிறது. தந்தியை விரலால் அழுத்தி நீளத்தைக் குறைத்தால் சுருதி ஏறுவதைப் போன்றதுதான் இது.

1981ஆம் ஆண்டு சோவியத் ஒன்றியத்தில் அலெக்சி எகிமோவ், செம்பு குளோரைடு கலந்த கண்ணாடியில் இந்த விளைவைக் கண்டார். 1983இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லூயி புரூஸ், திரவத்தில் மிதந்த காட்மியம் சல்பைடு துகள்களில் அதையே கண்டார். ஆனால் கண்டது வேறு, பயன்படுத்துவது வேறு. ஒரு குடுவையில் பல அளவுத் துகள்கள் கலந்து கிடந்தால் நிறங்களும் கலங்கிப்போகும். அளவு ஒன்றாக அமையாதவரை இந்த அழகான இயற்பியலால் யாருக்கும் பயனில்லை. அதனால்தான் 1993இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மௌங்கி பாவெண்டியின் குழு தந்த செய்முறையை இந்தத் துறையின் உண்மையான திருப்புமுனையாக நான் கருதுகிறேன்.

அந்தச் செய்முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 300 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிய கரைப்பானுக்குள், காட்மியமும் செலினியமும் கொண்ட குளிர்ந்த கரைசலை ஊசிக்குழாயால் சட்டென்று செலுத்துகிறார்கள். அந்தக் கணத்தில் எண்ணற்ற படிக விதைகள் ஒரே சமயத்தில் பிறக்கின்றன. கரைசல் செறிவு இழப்பதாலும் வெப்பநிலை இறங்குவதாலும் அதற்குப் பிறகு புதிய விதை தோன்றுவதில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் பிறந்தவை என்பதால், மீண்டும் சூடேற்றும்போது ஏறக்குறைய ஒன்றாகவே வளர்கின்றன. குடுவையின் நிறம் மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் நகரும். தேவையான நிறம் வந்ததும் சூட்டை நிறுத்திவிடலாம்! எகிமோவ், புரூஸ், பாவெண்டி மூவருக்கும் 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இன்று இவற்றை அதிகம் காண்பது தொலைக்காட்சித் திரைகளில். திரைக்குப் பின்னால் நீல எல்இடி விளக்குகள். அவற்றின் முன்னால் குவாண்டம் புள்ளிகள் பதித்த மெல்லிய படலம். நீல ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சி, சில புள்ளிகள் பச்சையையும் சில சிவப்பையும் உமிழ்கின்றன. அந்த நிறங்கள் குறுகிய அலைநீளப் பட்டைக்குள் அடங்குவதால் தூய்மையாகத் தெரிகின்றன. ஈரமும் ஆக்சிஜனும் இவற்றுக்குப் பகை. எனவே ஒவ்வொரு புள்ளிக்கும் துத்தநாக சல்பைடு போன்ற ஓடு போர்த்துகிறார்கள். காட்மியம் நச்சு, மின்னணுப் பொருள்களில் எடையில் 0.01 சதவீதத்துக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது வரம்பு. மாற்றாக இண்டியம் பாஸ்பைடு வந்திருக்கிறது. ஆனால் அதில் ஒரே சீரான அளவைக் கொண்டுவருவது கடினம், நிறப்பட்டையும் சற்று அகன்றுவிடுகிறது.

திரையைவிட எனக்கு ஆர்வமூட்டுவது கேமரா. கேமராவில் ஒளியைப் பிடிக்கும் சிலிக்கன் உணரிகளால் (சென்சார்) சுமார் 1.1 மைக்ரோமீட்டருக்கு அப்பாலுள்ள அகச்சிவப்பு ஒளியைப் பிடிக்க முடியாது. ஈய சல்பைடு புள்ளிகள் அந்த ஒளியை உறிஞ்சும். எந்த அலைநீளம் வரை என்பதை அளவை வைத்தே முடிவு செய்யலாம். அவற்றைக் கரைசலாகச் சிலிக்கன் சுற்றின் மேலேயே பூசிவிடலாம் என்பதால், வேறொரு குறைகடத்தியில் தனி உணரி வளர்த்து ஒட்டும் வேலை மிச்சம். அந்த அலைநீளத்தில் சிலிக்கனை ஒளி ஊடுருவிச் செல்லும். ஆகவே இத்தகைய கேமராவால் ஒரு சிலிக்கன் சில்லின் (சிப்) உள்ளே மறைந்திருக்கும் விரிசலையும் பார்க்கலாம்.